வாசகர் கேள்வி பதில்: வள்ளல்கள் எல்லாரும் ஆண்கள்தானா?

அண்மையில் வந்த கடிதங்களில் பல, கொடுப்பதிலும் உதவுவதிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு உண்டா என்ற ஒரே பொருளை வெவ்வேறு பக்கங்களிலிருந்து தொட்டிருந்தன. அவற்றை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்து விடையளிக்கிறோம்.

கேள்வி: என் கணவர் கோயில் திருப்பணிக்கு 501 வெள்ளி கொடுத்தார். அவர் பெயரும் நட்சத்திரமும் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டன. அதே நாள் விடியற்காலையிலிருந்து அன்னதானத்திற்குக் காய் நறுக்கிய பெண்களில் நானும் ஒருத்தி. வீட்டில் பேச்சு வந்தபோது, "பொதுவாகவே ஆண்களுக்குத்தான் உதவும் குணம் அதிகம், ஆராய்ச்சியிலேயே சொல்லியிருக்கிறார்கள்" என்றார். அப்படி ஓர் ஆராய்ச்சி இருக்கிறதா?
— வாசகி, ஈசூன்

இருக்கிறது. உங்கள் கணவர் இல்லாததைச் சொல்லவில்லை. ஆனால் இருப்பதில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். 1986ஆம் ஆண்டில் ஆலிஸ் ஈகிலி, மாரீன் குரோலி என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர், உதவும் நடத்தையைப் பற்றி அதுவரை வெளிவந்திருந்த சோதனைகளைத் திரட்டி ஒன்றாக எடைபோட்டார்கள். மொத்தத்தில் ஆண்கள் கூடுதலாக உதவினார்கள், பெண்கள் கூடுதலாக உதவி பெற்றார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆனால், அந்தச் சோதனைகளில் எது உதவி என்று கணக்கிடப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவருக்கு, தெருவிலோ ரயிலிலோ, சில நிமிடங்களில் செய்து முடித்துவிடக்கூடிய உதவிகளே பெரும்பாலும் அளக்கப்பட்டன. சுற்றிலும் பார்ப்பவர்கள் இருக்கும்போதும், ஆபத்து நேரலாம் என்று பெண்கள் கருதக்கூடிய சூழல்களிலும் ஆண்களின் முன்னிலை பெரிதாகத் தெரிந்தது. பார்ப்பவர் இல்லாதபோது அது சுருங்கியது. படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாருக்கு ஆண்டுக்கணக்கில் கஞ்சி ஊட்டுவதை எந்த ஆய்வுக்கூடத்திலும் சோதனையாக வைக்க முடியாது என்பதால், அது கணக்கிலேயே வரவில்லை. நெருங்கிய உறவுகளுக்குள் நடக்கும் உதவி இந்த ஆய்வுகளில் விடுபட்டிருக்கிறது என்பதை அந்த ஆய்வாளர்களே மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

நம் ஊரையும் தொட்ட ஓர் ஆய்வை இங்கே சொல்லலாம். 1990களில் ராபர்ட் லெவின் என்னும் உளவியலாளரும் அவருடைய குழுவினரும் உலகின் 23 நகரங்களில், பேனாவைத் தவறவிடுபவரைப் போலவும், காலில் அடிபட்டவரைப் போலவும், சாலையைக் கடக்க நிற்கும் பார்வையற்றவரைப் போலவும் நடித்து, வழிப்போக்கர்கள் உதவுகிறார்களா என்று பார்த்தார்கள். சிங்கப்பூர் பட்டியலின் அடிப்பகுதியில் இருந்தது என்பதை இங்குள்ள பலர் வருத்தத்தோடு நினைவில் வைத்திருக்கிறார்கள். அப்படி நடித்தவர்கள் அனைவரும் ஆண்கள் என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. அறிமுகமற்ற ஓர் ஆணை நடுத்தெருவில் ஒரு பெண் நெருங்குவதற்கு வேண்டிய துணிவும், ஓர் ஆண் நெருங்குவதற்கு வேண்டிய துணிவும் ஒன்றல்ல.

ஈகிலி இந்தப் பொருளை அத்துடன் விட்டுவிடவில்லை. 2004ஆம் ஆண்டில் செல்வின் பெக்கருடன் சேர்ந்து, உயிரைப் பணயம் வைத்துப் பிறரைக் காத்தவர்களைப் பற்றிய பதிவுகளை ஆராய்ந்தார். தீயிலும் வெள்ளத்திலும் பாய்ந்து பிறரை மீட்டவர்களுக்கு அமெரிக்காவில் 1904 முதல் வழங்கப்படும் கார்னெகி வீரப் பதக்கத்தைப் பெற்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஆண்கள். அதே ஆய்வில், இரண்டாம் உலகப் போரின்போது யூதர்களைத் தங்கள் வீடுகளில் ஒளித்துவைத்துக் காத்தவர்களின் பட்டியலைப் பார்த்தபோது, பெண்களின் பங்கு ஆண்களுக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருந்தது. உயிரோடிருக்கும்போதே சிறுநீரகத்தைக் கொடுத்தவர்களிலும் பெண்களே அதிகம். ஒரு நிமிடத்தில் முடிவெடுத்துப் பாயும் வீரம் ஒரு வகை. கதவு எப்போது தட்டப்படுமோ என்ற அச்சத்தோடு மாதக்கணக்கில் இன்னொரு குடும்பத்துக்கும் சேர்த்துச் சமைத்துப் போடும் வீரம் இன்னொரு வகை. பதக்கம் பெரும்பாலும் முதல் வகைக்கே போகிறது.

இது அமெரிக்கர்களின் வழக்கம் மட்டும் என்று எண்ண வேண்டாம். நம் மரபில் கடையெழு வள்ளல்கள் என்று பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பேகன், பாரி, காரி, ஆய், அதியமான், நள்ளி, ஓரி ஆகிய எழுவருமே ஆண்கள். நாடும் மலையும் உடைய தலைவர்கள். கொடுப்பதற்குத் தனக்கென்று உடைமை இருந்தவரைத்தான் வள்ளல் என்று பாட முடிந்தது. கோவலன் திரும்பி வந்தபின், அவன் பிரிந்திருந்த காலத்தில் அறவோர்க்கு அளித்தலையும் விருந்தினரை எதிர்கொள்வதையும் தான் இழந்துவிட்டதாகக் கண்ணகி சொல்கிறாள். மாசாத்துவான் வீட்டு மருமகளுக்குப் பொருளுக்கா பஞ்சம்? கணவன் உடனில்லாத மனைவிக்குக் கொடுக்கும் உரிமை இல்லை என்பதுதான் அந்தப் பேச்சின் அடியில் இருக்கும் செய்தி. வரையறை இல்லாமல் ஊருக்கே சோறிட்ட மணிமேகலை, இல்லறத்துக்கு வெளியே நின்ற துறவி என்பதையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். அரச குடும்பத்துச் செம்பியன் மாதேவியும் குந்தவையும் கோயில்களுக்குக் கொடுத்த கொடைகள் அவரவர் பெயரிலேயே கல்லில் இருக்கின்றன. ஏனென்றால் அவர்கள் கையில் அவர்களுடைய பொருள் இருந்தது.

சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலின் திருமண மண்டபம் கோவிந்தசாமிப் பிள்ளையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய கொடைக்கு அது தகும். அந்த மண்டபத்து அடுப்பங்கரையில் இத்தனை ஆண்டுகள் வெந்தவர்களுக்குப் பலகை கிடையாது என்பதையும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். 501 வெள்ளி குறைந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஒலிபெருக்கி எதை அறிவிக்கிறதோ அதை மட்டும் வைத்து மனத்தை அளக்க முடியாது என்பதே என் பதில்.

கேள்வி: பெண்கள் ஆண்களைவிட இரு மடங்கு கொடுக்கிறார்கள் என்று பொருளியல் சோதனை ஒன்று நிரூபித்துவிட்டதாக என் மகள் சொல்கிறாள். நான் கணக்காளராகப் பணியாற்றியவன். எண்களைக் காட்டினால் ஒப்புக்கொள்கிறேன்.
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

உங்கள் மகள் சொல்வது 1998இல் கேத்தரின் எக்கல், பிலிப் கிராஸ்மன் ஆகியோர் வெளியிட்ட சோதனையாக இருக்க வேண்டும். ஒருவரிடம் 10 அமெரிக்க டாலரைக் கொடுத்து, முகம் தெரியாத இன்னொருவருக்கு விரும்பியதைக் கொடுக்கலாம், ஒன்றும் கொடுக்காமலும் போகலாம் என்று விட்டுவிடுவார்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது சோதனை நடத்துபவருக்கும் தெரியாது. பெண்கள் சராசரியாக 1 டாலர் 60 காசும், ஆண்கள் 82 காசும் கொடுத்தார்கள். இரு மடங்கு என்பது சரிதான். ஆனால் இரு தரப்பாருமே எட்டு டாலருக்கு மேல் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள் என்பதையும் கணக்காளராகிய நீங்கள் கவனிப்பீர்கள். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் போல்டன், கட்டோக் ஆகிய இருவர் நடத்திய இதே போன்ற சோதனையில் ஆண் பெண் வேறுபாடு எதுவும் தென்படவில்லை. பின்னர் 2011இல் கிறிஸ்டோஃப் எங்கல் என்பவர் இத்தகைய சோதனைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைத் தொகுத்தபோது, பெண்கள் ஓரளவு கூடுதலாகக் கொடுப்பதாகவே தெரிந்தது.

எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமாகப் படுவது, ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி, லீஸ் வெஸ்டர்லண்ட் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் கொடைக்கு ஒரு விலை வைத்தார்கள். சில சுற்றுகளில், நீங்கள் ஒரு டாலரை விட்டுக்கொடுத்தால் எதிரில் இருப்பவருக்கு இரண்டோ மூன்றோ டாலர் போய்ச் சேரும். வேறு சில சுற்றுகளில், நீங்கள் இரண்டோ மூன்றோ விட்டால்தான் அவருக்கு ஒன்று போகும். கொடுப்பது மலிவாக இருந்தபோது ஆண்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள். விலை ஏறியபோது பெண்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஆண்களில் முழுவதையும் வைத்துக்கொள்பவர்களும், கொடை பெருகும் இடம் பார்த்து எல்லாவற்றையும் கொடுத்துவிடுபவர்களும் அதிகம். பெண்களில் பெரும்பாலோர் இருவருக்கும் சமமாக வரும்படி பங்கிட முயன்றார்கள்.

இதை நம் ஊர் வரிக் கணக்கில் வைத்துப் பாருங்கள். வரிக்கழிவுத் தகுதி பெற்ற அறநிறுவனத்துக்கு நீங்கள் 1,000 வெள்ளி நன்கொடை கொடுத்தால், தற்போதைய விதிப்படி 250 விழுக்காடு, அதாவது 2,500 வெள்ளி உங்கள் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கப்படும். வருமானம் மிக உயர்ந்து 24 விழுக்காட்டு வரம்பில் இருப்பவருக்கு 600 வெள்ளி வரி மிச்சம். அவர் கையிலிருந்து உண்மையில் போவது 400. ஏழு விழுக்காட்டு வரம்பில் இருப்பவருக்கு 175 வெள்ளி மிச்சம். அவருக்கு அதே கொடை 825 வெள்ளி. சம்பளமே இல்லாத இல்லத்தரசி தன் சேமிப்பிலிருந்து கொடுத்தால் ஆயிரமும் ஆயிரம்தான். பெயரும் அடையாள எண்ணும் இல்லாத உண்டியல் காசுக்கு இந்தக் கழிவு கிடையாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. உயர்ந்த சம்பளங்களில் ஆண்கள் கூடுதலாக இருக்கும்வரை, நன்கொடைப் பட்டியலின் மேல்வரிசையில் ஆண்கள் கூடுதலாக இருப்பதும் இயல்பே. ஒரே தொகை ஒருவருக்கு 400, இன்னொருவருக்கு 1,000 என்று ஆகும் இடத்தில், தொகையை மட்டும் ஒப்பிடும் கணக்கை நீங்களே ஏற்கமாட்டீர்கள்.

ஆண் பெண் பேதமே தெரியாத கொடையும் இங்கே உண்டு. 1991இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்கு இந்திய ஊழியர்களின் மாதச் சம்பளத்திலிருந்து மத்திய சேமநிதி வழியாகப் பிடிக்கப்படும் சந்தா, ஆயிரம் வெள்ளிவரை வாங்குபவருக்கு 1 வெள்ளி, 15,000க்கு மேல் வாங்குபவருக்கு 30 வெள்ளி. வேண்டாம் என்பவர்கள் எழுதிக் கொடுத்து விலகலாம்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் யார் பணிவிட்டுப் போனாலும் காசு வசூலித்துப் பரிசு வாங்குவது, தீபாவளி விருந்துக்கு ஏற்பாடு செய்வது, கூட்டக் குறிப்பு எழுதுவது எல்லாம் என் தலையில்தான் விழுகின்றன. "உனக்குத்தான் இதெல்லாம் நன்றாக வரும்" என்கிறார்கள். பெண்களுக்கு இயல்பிலேயே உதவும் குணம் அதிகமா?
— வாசகி, செங்காங்

குணத்தைப் பற்றிய கேள்விக்கு ஒரு சோதனை நல்ல விடை தருகிறது. 2017இல் லிண்டா பாப்காக், வெஸ்டர்லண்ட் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவில் யாராவது ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தினால் குழுவினர் எல்லாருக்கும் பணம் கிடைக்கும். அழுத்துபவருக்கு மட்டும் மற்றவர்களைவிடக் குறைவாகக் கிடைக்கும். ஆண்களும் பெண்களும் கலந்திருந்த குழுக்களில் பெண்களே அதிகமாக அழுத்தினார்கள். ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களில் ஆண்கள் சத்தமில்லாமல் அழுத்தினார்கள். பெண்கள் மட்டும் இருந்த குழுக்களோடு ஒப்பிட்டால் வேறுபாடே இல்லை. யாரையாவது கேட்டுக்கொள்ளலாம் என்று ஒருவரை நியமித்தபோது, அவர் ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும், பெண்களையே அதிகமாகக் கேட்டார்.

பெண் செய்துவிடுவாள் என்று எல்லாரும், பெண்களும்கூட, எதிர்பார்க்கிறார்கள் என்பதுதான் இதன் பொருள். நீங்கள் குணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. முறைவைத்துச் செய்யும் பட்டியல் ஒன்றை மேலாளரிடம் கேளுங்கள். "யார் முன்வருகிறீர்கள்?" என்ற கேள்வி கூட்டத்தில் எழுந்துகொண்டிருக்கும்வரை விடை மாறாது. ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் இந்த வேலைகளையும் எழுதி வையுங்கள்.

கேள்வி: சமூக மன்றத்தில் நடந்த ரத்த தான முகாமில் தொண்டூழியராக இருந்தேன். வந்த பெண்களில் பலர் கொடுக்காமலே திரும்பிப் போனார்கள். தயக்கமா?
— வாசகர், உட்லண்ட்ஸ்

தயக்கம் என்றால் முகாமுக்கே வந்திருக்கமாட்டார்கள். சுகாதார அறிவியல் ஆணையத்தின் விதிப்படி பெண்களுக்கு ஹீமோகுளோபின் அளவு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் குறைந்தது 12.5 கிராம், ஆண்களுக்கு 13 கிராம் இருக்க வேண்டும். எடை 45 கிலோவுக்குக் குறையக்கூடாது. மாதவிடாய், பேறுகாலம் ஆகியவற்றால் இரும்புச்சத்துக் குறைவது பெண்களுக்குப் பொதுவானது என்பதால், மனம் இருந்தும் அளவு இடம்கொடுப்பதில்லை. உலக அளவில் ரத்த தானங்களில் மூன்றில் ஒரு பங்கு அளவே பெண்களிடமிருந்து வருவதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. திரும்பிப் போகும் பெண்ணிடம் "பரவாயில்லை" என்று மட்டும் சொல்லாமல், மருத்துவரைப் பார்த்து இரும்புச்சத்தைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் வரச் சொல்லுங்கள்.

கேள்வி: என் தம்பிக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. தன் மனைவி கொடுத்துவிடுவாள் என்று அவனும் எங்கள் அம்மாவும் முடிவே செய்துவிட்டார்கள். அந்தப் பெண் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. மூத்தவளான நான் தலையிடலாமா?
— வாசகி, தெம்பனிஸ்

தலையிடலாம், தலையிடவும் வேண்டும். ஆனால் கொடுக்காதே என்று சொல்வதற்காக அல்ல, அவரிடம் யாராவது கேட்டார்களா என்று கேட்பதற்காக.

உயிருள்ளவர் சிறுநீரகம் தருவதில் பெண்கள் கூடுதலாக இருப்பது பல நாடுகளில் காணப்படுகிறது. அதற்கு உடலியல் காரணம் ஒன்று உண்டு. கணவனின் பிள்ளையைச் சுமந்த மனைவியின் உடலில், கணவனின் திசுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உருவாகியிருக்கலாம். அப்போது மனைவி கணவனுக்குக் கொடுக்க முடிந்தாலும், கணவன் மனைவிக்குக் கொடுப்பது கடினமாகிவிடும். ஆனால் அந்தக் காரணம் ஓரளவுக்குத்தான் தாங்கும். இந்தியாவின் தேசிய உறுப்பு மாற்று அமைப்பின் புள்ளிவிவரங்கள் 2023இல் செய்திகளில் வந்தபோது, உயிருள்ள கொடையாளர் ஐவரில் நால்வர் பெண்கள் என்றும், உறுப்பு பெற்றவர்கள் ஐவரில் நால்வர் ஆண்கள் என்றும் தெரியவந்தது. எதிர்ப்பொருளால் மட்டும் இவ்வளவு பெரிய இடைவெளி வராது. சம்பாதிப்பவர் படுத்துவிட்டால் குடும்பம் நின்றுவிடும், அவள் வீட்டில்தானே இருக்கிறாள் என்ற கணக்கும் அதில் இருக்கிறது.

சிங்கப்பூரில் சட்டம் இதற்குத் தடுப்பு வைத்திருக்கிறது. 1987ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி, உயிருள்ளவர் சிறுநீரகம் கொடுப்பதற்கு மருத்துவமனையின் உறுப்பு மாற்று நன்னெறிக் குழு எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும். அந்த மருத்துவமனையோடு தொடர்பில்லாத மருத்துவர் ஒருவரும், மருத்துவர் அல்லாத பொதுமகன் ஒருவரும் அக்குழுவில் இருப்பார்கள். மிரட்டலோ தகாத வற்புறுத்தலோ இல்லாமல், விளைவுகளை உணர்ந்து, தானாக முன்வந்துதான் கொடுக்கிறார் என்று அவர்களுக்கு உறுதியாக வேண்டும். ஆகவே, உங்கள் தம்பி மனைவி மருத்துவக் குழுவிடம் தனியாகப் பேசுவதற்கு நீங்கள் துணை நில்லுங்கள். தனக்கு மனம் இல்லை என்று அவர் அங்கே சொன்னால், அதற்காக வீட்டில் அவரை யாரும் பேசாதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, அவர் வாய் திறக்காத அந்த வீட்டில், உங்களுக்குத்தான் இருக்கிறது. மனமுவந்து கொடுத்தால், அறுவைக்குப் பின் அவருக்கு ஓய்வு வேண்டும். அடுப்படியை யார் பார்ப்பது என்பதையும் இப்போதே உங்கள் அம்மாவிடம் பேசிவிடுங்கள். அதற்கு முன் ஒரு கேள்வி: உடன்பிறந்தவர்களில் யாராவது பரிசோதனை செய்துகொண்டீர்களா?

கேள்வி: பெண்களின் மூளையே கொடுப்பதில் இன்பம் காணும்படி அமைந்திருக்கிறது என்று படித்தேன். உண்மையா?
— வாசகர், பிடோக்

2017இல் சூரிக் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் சௌட்செக் முதலியோர் நடத்திய ஆய்வு அது. இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமின் என்னும் சுரப்பின் வேலையை மருந்தால் தடுத்தபோது, பெண்கள் முன்பைவிடத் தன்னலமாகவும், ஆண்கள் முன்பைவிடத் தாராளமாகவும் பங்கிட்டார்கள். மூளையில் வேறுபாடு இருக்கிறது என்பது சரி. அது பிறவியிலேயே வந்தது என்று அந்த ஆய்வு காட்டவில்லை. பெண்பிள்ளை பிறருக்கு உதவினால் பாராட்டி வளர்ப்பதனாலும் மூளை அப்படிப் பழகியிருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். செய்தித் தலைப்புகளில் அந்தப் பகுதி விடுபட்டுப் போகிறது.

கேள்வி: தேசிய சேவையில் இருக்கிறேன். இதயத் துடிப்பு நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யப் பயிற்சி பெற்றிருக்கிறேன். விழுந்திருப்பவர் பெண்ணாக இருந்தால் தொடத் தயக்கமாக இருக்கிறது. யாராவது தவறாக நினைத்துவிட்டால்?
— வாசகர், பொங்கோல்

தம்பி, இந்தத் தயக்கம் உங்களுக்கு மட்டும் உள்ளதன்று. அமெரிக்காவில் 2018இல் வெளிவந்த ஆய்வொன்றில், பொது இடங்களில் இதயத் துடிப்பு நின்று விழுந்த ஆண்களில் 45 விழுக்காட்டினருக்கும், பெண்களில் 39 விழுக்காட்டினருக்கும்தான் அருகிலிருந்தவர்கள் நெஞ்சழுத்த உதவி செய்தார்கள். வீட்டுக்குள் விழுந்தவர்களிடையே அந்த வேறுபாடு இல்லை. பெண்கள் கூடுதலாக உதவி பெறுகிறார்கள் என்ற 1986ஆம் ஆண்டு முடிவு, உயிர் போகும் இந்த ஓர் இடத்தில் தலைகீழாகிவிடுகிறது.

995ஐ அழைத்து ஒலிபெருக்கியைப் போட்டு வைத்துக்கொண்டால், மறுமுனையில் இருப்பவர் வழிகாட்டிக்கொண்டே இருப்பார். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதற்கு அவரே சாட்சி. கைகளை வைக்கும் இடம், நெஞ்சுக்கூட்டின் நடு எலும்பில், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. மின்னதிர்ச்சிக் கருவியின் ஒட்டுப்பட்டைகள் வெறும் தோலில் ஒட்ட வேண்டும். ஆகவே மேலாடையையும், தடையாக இருந்தால் உள்ளாடையையும் விலக்கவோ கத்தரிக்கவோ தயங்காதீர்கள். சேலை, சுடிதார் எதுவானாலும் அப்படித்தான். அருகில் பெண்கள் இருந்தால் சுற்றி நின்று மறைக்கச் சொல்லுங்கள். யாரும் இல்லாவிட்டால் அவர்கள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் செயலியில் பதிந்துகொண்டால், 400 மீட்டருக்குள் யாருக்காவது இவ்வாறு நேரும்போது உங்கள் கைப்பேசிக்கு அறிவிப்பு வரும். உங்கள் அக்கா தங்கையரையும் அதில் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.